பட்டறைப் பதில்கள்: ஏற்காடு ஏறும் வண்டிக்கு எந்த ஏர் ஃபில்டர்?

இந்த முறை ஏர் ஃபில்டர், இன்டேக் (இன்ஜின் காற்றை இழுக்கும் வழி) பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 350 சி.சி. கார்புரேட்டர் பைக் வைத்திருக்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இழுவை குறைகிறது. மேலே போனதும் ஐடிலிங் தடுமாறுகிறது, சைலன்சரில் பெட்ரோல் வாடை. கோன் ஃபில்டர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போட்டிருக்கும் நண்பரும் நன்றாக இழுக்கிறது என்கிறார். போடலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: வேண்டாம். ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் உட்காரும் கம்பெனிப் பெட்டியை, எடுத்துவிட்டுக் கார்புரேட்டர் வாயிலேயே மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர் அது. நண்பர் சொல்வது பொய்யில்லை. மலையில் அது நன்றாகத்தான் இழுக்கும். ஆனால் காரணம் வேறு, அந்தக் காரணமே சமவெளியில் இன்ஜினுக்கு வினையாகும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கீழே காற்றழுத்தம் 980 மில்லிபாரை ஒட்டி இருக்கும், மேலே 850-ஐ ஒட்டி. 20 வளைவும் ஏறி முடிப்பதற்குள் 130 மில்லிபார் போய்விடுகிறது. மேலே குளிர்ச்சி என்பதால் கொஞ்சம் ஈடாகும். அதையும் சேர்த்துப் பார்த்தால், பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் காற்றின் எடை நூற்றுக்குப் பத்து பதினொரு பங்கு குறைவு. சுத்தமான பேப்பர் ஃபில்டர் முழு ஆக்சிலேட்டரில் தடுக்கும் அழுத்தமோ 10 மில்லிபார், மிஞ்சினால் 20. ஃபில்டரையே கழற்றிப் போட்டாலும் அந்தப் பத்து இருபதுதான் திரும்பக் கிடைக்கும். மலை எடுத்துக்கொண்ட 130 வராது.

அப்படியானால் நண்பரின் வண்டி ஏன் நன்றாக இழுக்கிறது? காற்று மெலியும்போது, காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை. காற்று 11 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் ஏறத்தாழ பாதிதான் குறையும். மீதி 6 சதவீதம் கூடுதல் பெட்ரோலாக நிற்கும். பட்டறையில் ‘ரிச்சா ஓடுது’ என்பது இதைத்தான். உங்கள் வண்டியின் வாடையும் தடுமாற்றமும் இதனால் வருபவை. கோன் ஃபில்டர் போட்டால் கார்புரேட்டருக்கு முன்னால் உறிஞ்சல் குறைந்து, ஜெட் என்னும் சிறு துளை வழியாக வரும் பெட்ரோலும் குறையும். மலையில் இருந்த உபரி கழிந்து இன்ஜின் தெளிவாக ஓடும். அதே வண்டி கீழே இறங்கி, சித்திரை வெயிலில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் முறுக்கி ஓடினால் பெட்ரோல் பற்றாக்குறையில், அதாவது ‘லீனில்’ ஓடுகிறது. பிளக் பீங்கான் வெளுக்கும், சைலன்சர் பெண்ட் நீலம் பாயும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும்.

இன்னொன்று: ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை இழுக்கும் இடம் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில். கோன் ஃபில்டர் சிலிண்டருக்குப் பின்னால் சூட்டில் நிற்கிறது. வெளியே 35 டிகிரி இருக்க, இன்ஜின் ஓரத்தில் 65 டிகிரி காற்றை இழுத்தால் காற்றின் எடை 9 சதவீதம் போய்விடும். கிட்டத்தட்ட இன்னொரு மலை ஏறிய நஷ்டம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதிய கம்பெனி பேப்பர் எலிமென்ட் ஒன்று போடுங்கள். சோக் முழுதாகத் திறக்கிறதா, மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் கூடியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டம் 2 மி.மீ. ஏறினாலே மலையில் இதே கோளாறு தெரியும். பத்தாவது வளைவில், சுமார் பாதி உயரத்திலேயே, இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றால் வண்டி சேலத்திலேயே கொஞ்சம் ரிச்சாக ஓடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டிலேயே குடியிருக்கிறேன். சேலத்துக்கு மாதம் இரண்டு முறை வந்தால் அதிகம். எனக்கு ஜெட் மாற்றினால் பலன் உண்டா? எத்தனை நம்பர் குறைக்க வேண்டும்?
– வாசகர், நாகலூர்

பதில்: உண்டு. உங்களைப் போல மேலேயே ஓட்டுபவர்களுக்குத்தான் ஜெட் மாற்றச் சொல்வோம்.

மெயின் ஜெட்டின் தலையிலோ பக்கத்திலோ நம்பர் இருக்கும். கெய்ஹின் வகையில் 110 என்றால் துளை 1.10 மி.மீ. குறைக்க வேண்டியது 6 சதவீதம் பெட்ரோல். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே விட்டத்தில் 3 சதவீதம் போதும். 110 இருந்தால் 107-க்குப் பக்கத்தில் வர வேண்டும், கடையில் 108 கிடைக்கும். ஒரு படி, அவ்வளவுதான். மிகுனி வகையில் நம்பரின் பொருள் வேறு, எனவே ஒரு கம்பெனி ஜெட்டை இன்னொன்றில் நம்பர் பார்த்துப் போடாதீர்கள்.

பாதி ஆக்சிலேட்டரில்தான் முக்குகிறது என்றால் ஜெட்டைத் தொட வேண்டாம், பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியான நீடில் போதும். நீடிலில் கிளிப் மாட்டுவதற்குப் பெரும்பாலும் ஐந்து வரி, அதாவது வெட்டுப் பள்ளம், இருக்கும். கிளிப்பை ஒரு வரி மேலே ஏற்றினால் நீடில் ஒரு வரி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கிளிப்பை மேலே ஏற்றுவது நீடிலையே ஏற்றுவது என்று நினைத்து வரியை மாற்றிப் போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. நீடில் நிலையாகப் பொருத்தப்பட்ட கார்புரேட்டராக இருந்தால் இந்த வழி இல்லை.

ஐடிலிங்கை ஏர் ஸ்க்ரூவில் சரிசெய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஆர்.பி.எம். அதிகமாக நிற்கும் இடத்தில் விட்டு, பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள்.

ஜெட் துளைக்குள் மெல்லிய செம்புக் கம்பி இழையை விட்டுத் துளையைச் சிறிதாக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பி அதிர்வில் நகரும், துளை இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு. புது ஜெட் பெரிய செலவு இல்லை.

மாற்றிய பின் பிளக்கைப் பாருங்கள். மேலேயே 10 கிலோமீட்டர் ஓட்டி, ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, வண்டியை ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் வெளிர் காபி நிறத்தில் இருந்தால் சரி, கரிப்பொடி ஒட்டியிருந்தால் இன்னும் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பழைய ஜெட்டையே திரும்பப் போடுங்கள். 108-உடன் சேலத்துக்கு வரும் நாளில் சந்தை, ஆஸ்பத்திரி என்று மெதுவாக ஓட்டிப் போனால் பாதகமில்லை. நெடுஞ்சாலையில் முறுக்கிப் போகும் பயணம் என்றால் 110-ஐ மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மேக்னசைட் சுரங்கச் சாலையில் தினமும் பைக்கில் போகிறேன். வெள்ளைத் தூசு. அடிக்கடி மாற்றும் செலவு மிச்சமாகும் என்று கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வாங்கலாமா?
– வாசகர், கருப்பூர்

பதில்: உங்கள் சாலைக்குக் காட்டன் ஃபில்டர் பொருந்தாது. பேப்பரே போடுங்கள்.

350 சி.சி. இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மில் ஒரு நிமிடத்தில் சுமார் 700 லிட்டர் காற்றை இழுக்கிறது. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைய காற்று, ஒன்றரை நிமிடத்துக்குள். அதில் வரும் தூசில் கண்ணுக்குத் தெரியும் மணல் அவ்வளவு கெடுதல் இல்லை, அதை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். மாவு போன்ற நுண் தூசுதான் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே போய் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. அந்த நுண் தூசைப் பேப்பர் நெருக்கமாகப் பிடிக்கும். எண்ணெய் தடவிய காட்டன் காற்றை எளிதாக விடுகிறது என்றால், இழைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றுதான் பொருள். தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பெரிய குறையில்லை.

எந்த ஃபில்டர் போட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட்டின் உட்புறத்தில் சுத்தமான கிரீஸை விரலால் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டிய பின் கழற்றி, அந்தக் கிரீஸைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது. நறநறவென்றால் அந்தத் தூசு இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. உடனே ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். எலிமென்டின் ரப்பர் விளிம்பு ஏர் பாக்ஸில் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மூடியைத் திறந்தால் விளிம்பு ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு தூசு போன வழியைக் காட்டிக் கொடுக்கும்.

பேப்பர் எலிமென்டைத் தட்டித் துடைப்பதற்கும் அளவுண்டு. கம்ப்ரஸர் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்தால் பேப்பர் ஊசித்துளை போலக் கிழியும், வெளியே பார்த்தால் தெரியாது. இருட்டில் உட்புறம் டார்ச் வைத்துப் பார்த்தால் புள்ளியாக ஒளி வரும். வந்தால் தூக்கி எறியுங்கள். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கு மாற்றுவது உங்கள் சாலைக்குச் சரியான கணக்கு.

கேள்வி: காபித் தோட்டத்தில் பழைய டீசல் ஜீப். ஆயில் பாத் ஏர் கிளீனர். கோடையில் எஸ்டேட் மண் சாலையில் கரும்புகை தள்ளுகிறது. அதை எடுத்துவிட்டுப் பெரிய பேப்பர் ஃபில்டரும் பக்கவாட்டில் மேலேற்றிய ஸ்நார்க்கல் குழாயும் வைக்க நினைக்கிறேன்.
– வாசகி, மஞ்சக்குட்டை

பதில்: காற்றின் தூசைக் கிண்ணத்து ஆயிலில் படிய வைக்கும் ஆயில் பாத்தை நன்றாகப் பராமரித்தாலே நிறைய சரியாகும். கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி, டீசலில் கழுவித் துடையுங்கள். மேலே உள்ள கம்பிவலைப் பகுதியையும் டீசலில் அலசி வடிய விடுங்கள். இன்ஜின் ஆயிலையே கிண்ணத்தில் உள்ள கோடு வரை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் வேண்டாம். அதிகம் ஊற்றினால் ஏற்றத்தில் ஜீப் சாயும்போது ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எரித்துச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். கோடை மண் சாலையில் சேறு அரை அங்குலம் சேர்வதற்குள் மாற்றுங்கள். வாரம் ஒரு முறை பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

பேப்பருக்கு மாறுவதும் நல்ல முடிவுதான், நுண் தூசை அது கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் தோட்டத் தூசில் சீக்கிரம் அடைக்கும். அதற்கு முன்னால் சைக்ளோன் வகை ப்ரீ-கிளீனர் வைத்தால்தான் பேப்பர் நிற்கும். காற்றைச் சுழற்றிக் கனத்த தூசை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தள்ளிவிடும், டிராக்டர் பானெட்டுக்கு மேலே நிற்குமே, அதேதான். ஸ்நார்க்கலின் பலனும் உயரத்தில்தான் இருக்கிறது. முன்சக்கரம் கிளப்பும் தூசு இடுப்பளவில் அடர்த்தி, கூரையளவில் மிகக் குறைவு. குழாயின் உள்விட்டம் இன்ஜினின் இன்டேக் வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, நடுவில் ‘எல்’ வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். வாய் முன்பக்கம் பார்த்திருந்தால் மழையில் தண்ணீர் வடிய அடியில் ஒரு சிறு துளை அவசியம்.

எந்த ஏற்பாடு செய்தாலும் அதன் அடைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 6 மி.மீ. கண்ணாடி போன்ற, வளையும் பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் வாங்கி, பலகையில் ‘யூ’ வடிவில், ஒவ்வொரு கையும் 75 செ.மீ. இருக்கும்படி கட்டுங்கள். நடு மட்டம் வரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் உள்ள குழாயில் ஒரு நிப்பிள் வைத்துச் சொருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். பழைய டீசல் இன்ஜினில் கார்புரேட்டர் போல காற்றை மறிக்கும் தகடு இல்லாத வகையானால், நியூட்ரலில் ஆர்.பி.எம். ஏற்றினாலே முழுக் காற்றையும் இழுக்கும். இரண்டு கைகளின் தண்ணீர் மட்ட வித்தியாசம் எத்தனை செ.மீ.யோ, ஏறத்தாழ அத்தனை மில்லிபார் தடை. புது ஃபில்டரில் அளந்து பானெட்டுக்குள் பெயின்டால் எழுதி வைத்துவிடுங்கள். அது இரட்டிப்பானால் எலிமென்டை மாற்றும் நேரம். 50 செ.மீ.யைத் தாண்ட விடவே கூடாது. தடை கூடவில்லை, ஆனாலும் கரும்புகை நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரை விட்டுவிட்டு டீசல் தெளிக்கும் நாசிலையும் டீசல் பம்ப் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த இன்ஜெக்ஷன் பைக். ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கோன் ஃபில்டர் போட்டேன். இறக்கத்தில் சைலன்சர் படபடவென வெடிக்கிறது.
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஏர் பாக்ஸில் இருந்து வேறு இரண்டு குழாய்களும் போகும். ஒன்று கிராங்க் கேஸ் மூச்சுக் குழாய். இன்னொன்று சைலன்சர் வழியில் எரியாத பெட்ரோலை எரிக்கச் சுத்தக் காற்று கொடுக்கும் குழாய். இரண்டையும் அப்படியே தொங்க விட்டிருப்பார்கள். இரண்டாவது குழாயில் இப்போது தடையே இல்லாமல் காற்று போய், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சருக்குள் வெடிக்கிறது. முதல் குழாய் தூசை நேரே ஆயிலுக்குள் இழுக்கிறது.

இன்ஜெக்ஷன் வண்டி மலையேற்றத்தைத் தானே சமாளிக்கும். மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சாரும் சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். எனவே கொண்டலாம்பட்டி வாசகருக்கு வந்த தொல்லை உங்களுக்கு வராது. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் பெரும்பாலான வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரின் சொல் எடுபடாது, கம்பெனி எழுதிவைத்த கணக்குதான். அந்தக் கணக்கு பழைய ஏர் பாக்ஸை நம்பி எழுதியது. பழையதை மாட்டிவிடுங்கள். ஆசை இருந்தால் அதே பாக்ஸுக்குள் உட்காரும் பேனல் வகை மாற்று ஃபில்டர் வாங்கலாம், ட்யூனிங் தேவைப்படாது. வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: காரில் கே அண்ட் என் காட்டன் ஃபில்டர். பெட்ரோலில் கழுவி, எண்ணெய் நிறைய விட்டேன். இரண்டு நாளில் இன்ஜின் லைட் எரிகிறது.
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: உபரி எண்ணெய் காற்று அளக்கும் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்திருக்கும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவி உலர விடுங்கள். துணியோ விரலோ படக் கூடாது.

ஃபில்டருக்கு அதன் சொந்தக் கழுவு திரவம், 10 நிமிடம் ஊற வைத்து, சுத்தமான உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறைந்த வேகத் தண்ணீர். நிழலில் உலர்த்துங்கள், ஹேர் ட்ரையர் வேண்டாம். முழுதும் காய்ந்தபின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே ஒரு கோடு எண்ணெய். 20 நிமிடம் கழித்து வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு துளி. பெட்ரோல் ரப்பர் விளிம்பை உப்ப வைக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தம்பி கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப் பகுதியில் இருக்கிறான். பனிச்சறுக்கு வண்டி, அதாவது ஸ்னோமொபைல், 850 சி.சி. டூ ஸ்ட்ரோக். அதற்கு இன்டேக் கிட் வாங்க யோசிக்கிறான். நம்ம ஊர் கணக்கு அங்கே பொருந்துமா?
– வாசகர், வாழவந்தி

பதில்: உயரக் கணக்கு பொருந்தும், தூசுக் கணக்கு பொருந்தாது. பனி மூடிய மலையில் தூசு இல்லை. அதனால் அந்த வண்டிகளில் பெரும்பாலும் பேப்பர் ஃபில்டரே கிடையாது, வலையும் ஃபோமும்தான். அங்கே எதிரி மாவுப் பனி. வலையில் அப்பி மூச்சை அடைக்கும், உள்ளே போய் உருகித் தண்ணீராகும். 2,400 மீட்டரில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை எந்தக் கிட்டும் திருப்பித் தராது. திருப்பித் தருவது டர்போ போலக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவிதான்.

ஆனால் இன்டேக் நிற்கும் இடம் அங்கே உண்மையிலேயே பெரிய விஷயம். வெளியே பனிக்குளிர் மைனஸ் 10, பானெட்டுக்குள் 30 டிகிரி என்று வையுங்கள். உள்காற்றை இழுத்தால் 13 சதவீதம் காற்று போச்சு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறியதைவிடக் கூடுதல் நஷ்டம், உட்கார்ந்த இடத்திலேயே. எனவே தம்பி கிட்டில் பார்க்க வேண்டியவை: வாய் எப்போதும் வெளிக்காற்றை, அதுவும் உயரமான இடத்தில், இழுக்கிறதா, வலை தண்ணீர் ஒட்டாத வகையா, ஒரு வாய் பனியில் அடைந்தால் மூச்சுக்கு இன்னொரு வழி உண்டா, கழற்றாமல் கையுறையோடு பனியைத் தட்டிவிட முடியுமா.

தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு எரிபொருள் கணக்கு கொடுத்திருக்கிறாரா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கச் சொல்லுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் தலையைக் குளிர வைப்பதில் உள்ளே வரும் எரிபொருள் கலவைக்கும் பங்கு உண்டு. அது குறைந்தால் முழு வேகத்தில் பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. அது நடக்கும் இடம் ஆள் நடமாட்டம் இல்லாத பனிமலை.

கேள்வி: ஃபில்டர் புதிது, ஜெட் சரி, ஆனாலும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது.
– வாசகர், ஓமலூர்

பதில்: கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட்டில் வெடிப்பு இருக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, பூவுக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பூட்டைச் சுற்றிப் புகை போல அடியுங்கள். ஒரு இடத்தில் ஆர்.பி.எம். சட்டென மாறினால் வெடிப்பு அங்கேதான். பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடித்துப் பார்க்காதீர்கள், சூடான சைலன்சர் பக்கத்தில் தீப்பிடிக்கும். எம்-சீல் பூசி ஒப்பேற்ற வேண்டாம், புது பூட்டும் இரண்டு புது கிளாம்பும் போடுங்கள். கிளாம்ப் ரப்பரை அறுக்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது.